'வித்ஹோல்ட்' என்றால் என்ன செய்வாய்? செவிலியர் கல்லூரி முதல்வர்களுக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும், முதலாம் ஆண்டில் ஆங்கிலப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் தேனி மாவட்டத்துக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். தமிழ்நாட்டில் ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, மதுரையில் ஐந்து வருடம் ஐசியூவில் வேலை பார்த்தேன். இப்போது வட இங்கிலாந்தில் முதியோர் வார்டில் இருக்கிறேன். டியூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருக்கும் ஜூனியர்கள் பதினோரு பேரோடு வாட்ஸ்அப்பில் உட்கார்ந்து, வெளிநாட்டில் வேலை பார்க்க நர்ஸும் டாக்டரும் எழுதுகிற ஆங்கிலத் தேர்வான ஓஇடிக்கு வாசிப்புப் பயிற்சி நடத்துகிறேன். காசு வாங்குவதில்லை. பதினோரு பேரும் வெவ்வேறு கல்லூரிகளில் படித்தவர்கள், ஆனால் தடுக்கி விழுகிற இடம் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நான் படித்த கல்லூரிக்கு மட்டும் எழுதாமல் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

ஒரு நைட் டியூட்டியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் இருந்த காலம். டிஜாக்சின் என்ற இதய மருந்தை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். நாடித்துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் 'வித்ஹோல்ட்' என்று கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியிருந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த பெண், ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணினாள். 54. அதைச் சரியாகக் குறித்தும் வைத்தாள். அப்புறம் மாத்திரையை எடுத்துக்கொண்டு கட்டில் பக்கம் போனாள். இன்சார்ஜ் சிஸ்டர் தற்செயலாகப் பார்த்து, "ஏம்மா, 54 இருக்கே, எதுக்கு எடுத்துட்டுப் போற?" என்று கேட்டார். "ஆமா சிஸ்டர், வித்ஹோல்டுன்னு போட்டிருக்காங்கல்ல" என்றாள் அவள். வித் என்றால் கூட, ஹோல்ட் என்றால் பிடி. கூடவே நின்று, பிடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். டாக்டர் சொன்னது 'கொடுக்காதே, நிறுத்திவை' என்று.

அந்தப் பெண் மக்கு இல்லை. டிஜாக்சின் அளவு மீறினால் கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்பது வரை பாடம் அவளுக்குத் தெரியும். துடிப்பு குறைந்தால் கொடுக்கக் கூடாது என்றும் படித்திருக்கிறாள். ஆனால் தாளில் டாக்டர் எழுதியிருக்கிறாரே! படித்த பாடத்தை ஒதுக்கிவிட்டு, புரியாத வார்த்தையை நம்பினாள். நல்லவேளை, மாத்திரை டப்பாவுக்கே திரும்பிப் போனது.

பல வருடம் கழித்து, ஓஇடி வாசிப்பில் நானே இரண்டு தடவை விழுந்து எழுந்த பிறகுதான், அன்று நடந்ததற்கும் இந்தத் தேர்வுக்கும் உள்ள தொடர்பு எனக்குப் பிடிபட்டது.

நம் வார்டுகளில் பேசுகிற பேச்சை நினைத்துப் பாருங்கள். "பேஷன்ட்டுக்கு ஃபீவர் குறைஞ்சாலும் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தாத, டாக்டர் சொல்ற வரைக்கும் கன்டினியூ பண்ணு, வாமிட்டிங் இருந்தா மட்டும் இன்ஃபார்ம் பண்ணு." இதில் பேஷன்ட், ஃபீவர், ஆன்டிபயாட்டிக், வாமிட்டிங் எல்லாம் இங்கிலீஷ். 'குறைஞ்சாலும்', 'வரைக்கும்', 'இருந்தா மட்டும்' எல்லாம் தமிழ். சாமான் இங்கிலீஷ், கட்டுகிற கயிறு தமிழ். நான்கு வருடம் படித்து, ஐந்து வருடம் வேலை பார்த்தும் அந்தக் கயிற்றை நாங்கள் இங்கிலீஷில் தொட்டதே இல்லை. தேர்வில் கயிறும் இங்கிலீஷில் வருகிறது. 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்', 'ரெகார்ட்லெஸ் ஆஃப்', 'ப்ரையர் டு', 'ஆல்பீட்'. அங்கேதான் முடிச்சு அவிழ மறுக்கிறது.

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நான் முதலில் சேர்ந்த பயிற்சி மையத்தில் ஒரு தடிமனான ஸ்பைரல் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே மூவாயிரம் மருத்துவச் சொற்கள், பக்கத்திலேயே பொருள். பெரியகுளம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தேன். தேர்வெழுதினேன். கேட்டல், பேச்சு, எழுத்து மூன்றும் தேறிவிட்டது. வாசிப்பில் 310, வேண்டியது 350. தேர்வுக் கட்டணம் மட்டும் முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது, அப்போது என் கைக்கு வந்த சம்பளம் பதினாறாயிரம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மறுபடியும் அதே புத்தகம், அதே மனப்பாடம். இரண்டாம் தடவை 340. பத்து மதிப்பெண்ணில் போனது. வீட்டில் யாரும் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இங்கிலாந்தின் செவிலியர் பதிவு அமைப்பான என்எம்சி 2017 நவம்பரிலிருந்து ஓஇடியை ஏற்றுக்கொள்கிறது. வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 500-க்கு 350 வேண்டும். எழுத்தில் மட்டும் 300 போதும் என்று பின்னால் தளர்த்தினார்கள். வாசிப்புக்கு அந்தத் தளர்வு கிடைக்கவில்லை.

இந்தத் தேர்வு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் என்ன கேட்கிறார்கள் என்பது விளங்கும். 1980-களின் இறுதியில் ஆஸ்திரேலிய அரசுக்காக, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் டிம் மெக்நமாரா என்ற மொழியியலாளர் உருவாக்கியது. வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் டாக்டரும் நர்ஸும் ஆஸ்பத்திரியில் அன்றாடம் எதைப் படிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதை எழுத வேண்டும் என்று பார்த்து, அதையே கேள்வித்தாளாக்கினார்கள். இன்று பன்னிரண்டு தொழில்களுக்கு இந்தத் தேர்வு இருக்கிறது. எழுத்தும் பேச்சும் தொழிலுக்குத் தொழில் மாறும். கேட்டலும் வாசிப்பும் எல்லாருக்கும் பொது. அதாவது நர்ஸுக்கும் பல் டாக்டருக்கும் கண் பரிசோதகருக்கும் கால்நடை மருத்துவருக்கும் ஒரே வாசிப்புத் தாள்.

இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அந்த மூவாயிரம் சொல்லையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியிருப்பேன். மாட்டு டாக்டரும் எழுதுகிற தாளில் நர்சிங் பாடப்புத்தகச் சொற்களை வைத்து யாரையும் சோதிக்க முடியாது. தெரியாத கலைச்சொல் வந்தால் அதன் விளக்கம் பெரும்பாலும் அடுத்த வரியிலேயே இருக்கும். அவர்கள் சோதிப்பது கயிற்றைத்தான்.

தாளின் அமைப்பைப் பார்த்திராத ஆசிரியர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தம் 60 நிமிடம், 42 கேள்வி. 30-ஐ ஒட்டி வாங்கினால் தேறிவிடலாம் என்பது பயிற்சி மையங்களின் கணக்கு.

முதல் பகுதி 15 நிமிடம். ஒரே நோயைப் பற்றி நான்கு துண்டுகள் கொடுப்பார்கள். ஒன்று மருந்தளவு அட்டவணையாக இருக்கும், ஒன்று முதலுதவிக் குறிப்பாக இருக்கும், இன்னொன்றில் படிப்படியான சிகிச்சை முறை இருக்கும். 20 கேள்வி. ஒன்றுக்கு முக்கால் நிமிடம்தான். விடையைத் துண்டில் உள்ள சொல்லாலேயே எழுத வேண்டும், எழுத்துப் பிழை வந்தால் மதிப்பெண் இல்லை. இதில் எங்கள் பிள்ளைகள் செய்கிற தவறு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமையாகப் படிப்பது. பாடத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கேள்விக்குப் போக வேண்டும் என்று பள்ளியிலிருந்தே பழகிவிட்டோம். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர் எல்லா பஸ் போர்டையும் எழுத்துக்கூட்டியா படிக்கிறார்? 'போடி' என்ற இரண்டு எழுத்தைத் தேடிக்கொண்டு கண் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைத்தான் இங்கே கேட்கிறார்கள். கடிகாரம் வைத்துப் பழகினால் இரண்டு மாதத்தில் வந்துவிடும். இதற்கு மேல் இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் பகுதியில் ஆறு சின்னத் தாள்கள். வார்டு சுற்றறிக்கை, கருவி கையேட்டின் ஒரு பத்தி, மின்னஞ்சல், மருத்துவமனை விதி. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி, மூன்று விடைகள். பார்க்கச் சுலபம். எங்கள் குழுவில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். இதற்கு ஒரு உதாரணத்தை உங்கள் கல்லூரிச் சுவரிலிருந்தே எடுக்கிறேன்.

உயிரி மருத்துவக் கழிவு விதிகள், 2016. எந்த நர்சிங் மாணவியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்: ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், ஐவி செட் சிவப்பில், ஊசி வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில். சரி. அந்த விதிகளின் வாசகத்தை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? அதில் ஒரு இடம். சுத்திகரிக்காத உடற்பாகக் கழிவையும் ரத்தம், சீழ் பட்ட கழிவையும் 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று முதல் வாக்கியம் சொல்கிறது. அடுத்த வாக்கியம் 'ப்ரொவைடட் தட்' என்று, அதாவது 'ஆனால் ஒரு நிபந்தனை' என்று தொடங்குகிறது. ஏதாவது காரணத்தால் அதற்கு மேலும் வைக்க வேண்டி வந்தால், மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் கேடு வராமல் பார்த்துக்கொண்டு, காரணத்தோடு உரிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

இதை அப்படியே இங்கிலீஷில் கொடுத்து, என் பதினோரு பேருக்கு ஒரு கேள்வி போட்டேன். 48 மணி நேரத்துக்கு மேல் ஆனால் என்ன? எந்தச் சூழலிலும் கூடாது என்பது முதல் விடை. வைக்கலாம், பாதுகாப்பாக வைத்து, காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது இரண்டாவது. முன்கூட்டியே அனுமதி வாங்கினால் வைக்கலாம் என்பது மூன்றாவது. ஆறு பேர் முதல் விடை. நான்கு பேர் மூன்றாவது. ஒரே ஒருத்திதான் இரண்டாவதைச் சொன்னாள். அவள் அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, நிபந்தனை வாசகம் வீட்டில் புழங்கும் போலிருக்கிறது.

அந்த ஆறு பேரில் நான்கு பேர் 'ப்ரொவைடட்' என்றால் 'கொடுக்கப்பட்டது' என்று எடுத்துக்கொண்டு, அந்த வாக்கியமே புரியாமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். மூன்றாவதைப் போட்டவர்கள் 'இன்ஃபார்ம்' என்ற சொல்லை அனுமதி என்று படித்திருக்கிறார்கள். நம் ஊரில் மேலே தெரிவிப்பது என்றாலே அனுமதி கேட்பது மாதிரிதான், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தாளில் அப்படி எழுதவில்லை. இந்த இரண்டு சொல்லும் அந்த ஸ்பைரல் புத்தகத்தில் இல்லை. மருத்துவச் சொல்லே இல்லையே, எப்படி இருக்கும்?

மூன்றாம் பகுதியில் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் சுமார் 800 சொல், எட்டெட்டுக் கேள்வி. இரண்டாம் பகுதிக்கும் இதற்கும் சேர்த்து 45 நிமிடம். கட்டுரையாளர் என்ன நினைக்கிறார், அவர் எடுத்துக்காட்டும் ஆய்வாளர் என்ன நினைக்கிறார், இரண்டும் ஒன்றா என்று கேட்பார்கள். 'க்ளெய்ம்ஸ்' என்று ஒரு சொல் வந்தால் கட்டுரையாளர் அதை முழுதாக நம்பவில்லை என்று மோப்பம் பிடிக்க வேண்டும். இதைப் பயிற்சி மையத்தில் கட்டுரையாளரின் தொனி என்று சொல்லி, பதினைந்து இங்கிலீஷ் சொற்களைப் பட்டியலிட்டுக் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

ஏறியது எப்படித் தெரியுமா? 'ஆம்' விகுதியால். 'டாக்டர் வந்துட்டாரு' என்பதற்கும் 'டாக்டர் வந்துட்டாராம்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரியும். 'நான் பார்க்கவில்லை, சொன்னார்கள், பொறுப்பு எனக்கில்லை' என்பதையெல்லாம் ஒரே விகுதியில் அடக்கிவிடுகிறோம். இங்கிலீஷில் 'அப்பேரன்ட்லி', 'ரிப்போர்ட்டட்லி', 'இஸ் செட் டு' எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஒரு கட்டுரையை எடுத்து, எந்தெந்த வரிக்கு 'ஆம்' போடலாம் என்று பென்சிலால் குறிக்கச் சொன்னேன். அன்று சாயங்காலமே எட்டுக்கு ஐந்து, ஆறு என்று வாங்க ஆரம்பித்தார்கள்.

'அன்லெஸ்' வேறு கதை. பிபி 100-க்கு மேல் இல்லாவிட்டால் கொடுக்காதே என்று சுற்றிச் சுற்றி யோசித்து, பாதியில் ஒரு 'இல்லை'யைத் தொலைத்துவிடுவார்கள். '100-க்கு மேல் இருந்தாலொழிய கொடுக்காதே' என்று சொல்லிப் பாருங்கள், ஒரே இழுப்பில் வந்துவிடும். 'ஒழிய' எப்போதோ பள்ளியில் படித்தது. பேச்சில் அவ்வளவாக இல்லை என்றாலும் காதுக்குப் பழக்கம் இருக்கிறது.

இன்னொரு இடமும் இருக்கிறது, அதை இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் நீங்கள் என்னைவிட நன்றாக விளக்குவீர்கள். தமிழில் 'மூணு வாரத்துக்கு மேல ஸ்டீராய்டு எடுத்த பேஷன்ட்' என்கிறோம். விவரமெல்லாம் முன்னால் வந்து, ஆள் கடைசியில் வருகிறார். இங்கிலீஷில் முதலில் 'பேஷன்ட்ஸ்', உடனே 'ஹூ', அப்புறம் மூன்று வாரம், ஸ்டீராய்டு எல்லாம் வரிசையாக வந்து, வாக்கியத்தின் உண்மையான வினை எங்கோ தள்ளிக் கிடக்கும். திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்ற முக்கியமான செய்தி அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. தமிழ்வழியில் படித்த பெண் 'ஹூ' வந்ததுமே ஏதோ கேள்வி கேட்கிறார்கள் என்று தடுமாறுகிறாள். 'ஹூ' முதல் அடுத்த வினை வரைக்கும் ஒரு வளையம் போட்டுவிட்டு, வளையத்தைத் தாண்டிப் படி என்று சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவுதான். பெயரெச்சம் நடத்துகிற தமிழாசிரியரும் உங்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இதைவிட அழகாக வரும்.

தெரிந்த சொல்லே வேறு உடுப்பு போட்டுக்கொண்டு வந்து ஏமாற்றுவதும் உண்டு. 'டெண்டர்' என்றால் நமக்கு ரோடு போடுகிற ஒப்பந்தம். கேஸ் ஷீட்டில் அதற்குத் 'தொட்டால் வலிக்கிறது' என்று பொருள். 'அன்ரிமார்க்கபிள்' என்றால் குறை ஒன்றும் தென்படவில்லை, நிம்மதிப் பெருமூச்சு விடலாம். 'அக்யூட்' என்றால் திடீரென்று வந்தது, 'க்ரானிக்' என்றால் நாள்பட்டது. நம் பேச்சில் இரண்டுக்குமே 'ரொம்ப முத்திப் போச்சு' என்றுதான் பொருள். 'டிஸ்சார்ஜ்' வீட்டுக்கும் அனுப்பும், புண்ணிலிருந்தும் வடியும். 'அம்புலேட்' என்ற சொல்லைப் பார்த்து, நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றச் சொல்கிறார்கள் என்று ஒருத்தி எழுதினாள். நடக்க வைக்கச் சொல்லியிருந்தார்கள். அன்று எல்லாரும் சிரித்ததில் யாருக்கும் அந்தச் சொல் இனி மறக்காது. நாம் எழுதுகிற 'எஸ்ஓஎஸ்' இங்கே கிடையாது, தேவைப்பட்டால் என்பதற்கு 'பிஆர்என்' என்று எழுதுகிறார்கள். இறந்தவரை 'எக்ஸ்பயர்ட்' என்று நான் இங்கே முதல் வாரத்தில் சொன்னபோது, ஏதோ மருந்துத் தேதி முடிந்துவிட்டது என்பது போல் பார்த்தார்கள்.

இனி, நான் உங்களிடம் கேட்க வந்தது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரில் தகவல்தொடர்பு ஆங்கிலம் இருக்கிறது. இரண்டு கிரெடிட், 40 மணி நேரம். எட்டு செமஸ்டரில் முதல் செமஸ்டரோடு தனி ஆங்கிலப் பாடம் முடிந்துவிடுகிறது. பிளஸ் டூ முடித்து வந்த பிள்ளைக்கு அப்போது வார்டு எப்படி இருக்கும் என்றே தெரியாது. கேஸ் ஷீட்டைக் கையில் வாங்குகிற காலத்தில் ஆங்கில வகுப்பு இல்லை. பாடத்திட்டத்தை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். வாரத்துக்கு அரை மணி நேரத்தைக் கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப் வரைக்கும் ஒதுக்குவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அந்த அரை மணியில் பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு வேண்டாம். நான் படித்தபோது வைத்திருந்தார்கள், நல்ல மனிதர்கள்தான், என்றாலும் டிஜாக்சின் மாத்திரையை அவர்கள் நிறுத்தப் போவதில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை எடுங்கள். மருந்தை அளவோடு ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்பின் கையேட்டில் அலாரம் பற்றிய பக்கத்தை எடுங்கள். மேலே சொன்ன கழிவு விதியை எடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலும் கைகழுவும் வழிகாட்டியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் சொந்த ஆஸ்பத்திரியின் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுச் சுற்றறிக்கை பலகையில் தொங்கிக்கொண்டிருக்கும். நான் மூன்றாம் தடவை 390 வாங்கியது இப்படிப்பட்ட தாள்களைப் படித்துத்தான். நைட் டியூட்டியில் நோயாளிகள் தூங்கிய பிறகு, பம்ப் கையேட்டைக் கதைப்புத்தகம் மாதிரி படித்தேன். ரொம்ப மோசமான கதைதான், ஆனால் அடுத்த நாள் அலாரம் அடித்தபோது பதறாமல் போய் நின்றது நான் மட்டும்தான்.

படித்து முடித்ததும் "மீனிங் என்ன?" என்று கேட்காதீர்கள். "இந்தத் தாள் உன் கைக்கு வந்தா இப்ப நீ என்ன செய்வ?" என்று கேளுங்கள். அந்தப் பெண் தமிழில் பதில் சொல்லட்டும். 'வித்ஹோல்ட்' என்றால் நிறுத்திவைத்தல் என்று ஒப்பிக்கிறவளைவிட, "மாத்திரையைக் கொடுக்க மாட்டேன், டாக்டருக்குப் போன் பண்ணுவேன், ஏன் கொடுக்கலைன்னு எழுதி வைப்பேன்" என்கிறவளுக்குத்தான் அந்தச் சொல் தெரியும். தேர்வும் அதைத்தான் கேட்கிறது.

தமிழில் சொல்லட்டும் என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. நான் இருந்த ஹாஸ்டலில் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம். மெஸ் வாசலில் ஒரு டப்பா வைத்திருந்தார்கள். இங்கிலீஷ் வளரட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். நடந்தது என்னவென்றால், கம், கோ, ஈட், ஓகே என்ற நான்கு சொல்லையும் கை ஜாடையையும் வைத்துக்கொண்டு நான்கு வருடத்தை ஓட்டினோம். வகுப்பில் புரியாததைக் கேட்கக்கூட வாய் வரவில்லை, கேள்வியை இங்கிலீஷில் அமைக்கத் தெரியாதே. 'ஆம்' விகுதியும் 'ஒழிய'வும் அந்த டப்பாவுக்குள் பத்துப் பத்து ரூபாயாகப் போய்விட்டன. அப்படி ஒரு டப்பா உங்கள் கல்லூரியிலும் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

சொல் நோட்டு போடச் சொல்வதாக இருந்தால், சொல்லைத் தனியாக எழுத விடாதீர்கள். அது எந்தத் தாளில், எந்த வாக்கியத்தில், யாரோடு சேர்ந்து வந்தது என்று எழுதட்டும். 'அட்ஹியர்' தனியாக வராது, 'டு'வோடு வரும். 'ரிஃப்ரெய்ன்' வந்தால் 'ஃப்ரம்' கூடவே வரும். வாரத்துக்குப் பத்து சொல் போதும். எக்டமி, ஆஸ்டமி, ஹைப்போ, ஹைப்பர் என்று மருத்துவச் சொற்களில் ஒட்டி வருபவை எல்லாம் நீங்கள் ஏற்கெனவே நன்றாக நடத்துகிறீர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"வெளிநாடு போறவங்களுக்கு நாங்க எதுக்கும்மா சொல்லிக்கொடுக்கணும், இங்கேயே ஆள் பத்தலையே" என்று ஒரு மூத்த ஆசிரியை என்னிடம் நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். என் பதில், அந்த 'வித்ஹோல்ட்' மான்செஸ்டரில் நடக்கவில்லை, மதுரையில் நடந்தது. ஊரிலேயே இருக்கப்போகிற பெண்ணும் இங்கிலீஷ் கேஸ் ஷீட்டைத்தான் படிக்கிறாள். தரச்சான்றுக்காக ஆஸ்பத்திரிகள் அடுக்கி வைத்திருக்கும் கோப்புகள் எல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கின்றன. ஆய்வுக் குழு வருகிற அன்று கையெழுத்துப் போடுவதோடு சரி.

போகிறவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தில், வெளிநாடு போகிற கேரளத்தவருக்கான அரசு நிறுவனமான நோர்கா ரூட்ஸ் திருவனந்தபுரத்தில் மொழிப் பயிற்சி நிறுவனமே வைத்து ஓஇடிக்குப் படிக்க வைக்கிறது. நமக்கும் 1978-லிருந்து அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் படித்து முடித்த பிறகு கதவைத் தட்டுகிற இடங்கள். அதற்கு முன்னாலேயே ஏஜென்டுகள் உங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். தேர்வு எழுதாமலே மதிப்பெண் வாங்கித் தருகிறோம் என்று போனில் செய்தி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். என் குழுவில் ஒருத்தி முன்பணம் கட்டி ஏமாந்தாள், தொகையைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். இறுதியாண்டு மாணவிகளிடம் இதை ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

என்னிடம் இப்போது முப்பத்தெட்டுத் தாள்கள் சேர்ந்திருக்கின்றன. எல்லாம் பொதுவில் கிடைப்பவை, ஒவ்வொன்றுக்கும் நான் போட்ட கேள்வியும் விடையும், எங்கள் ஆட்கள் எங்கே தவறினார்கள் என்ற குறிப்பும் கூடவே இருக்கின்றன. கழிவு விதிதான் முதல் தாள். வகுப்பில் நடத்திப் பார்க்க நினைக்கிறவர்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். உங்கள் மாணவிகள் எந்த விடையைப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று எனக்கும் எழுதுங்கள். நான் நைட் டியூட்டி முடித்து வீட்டுக்கு வரும்போது அங்கே மதியச் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும். பதில் கொஞ்சம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் படித்தவள்